மெக்லிஹோஸ் பாதை, முதல் இரண்டு பகுதி: 500 மீட்டருக்கு ஒரு கம்பம்

ஹாங்காங் வந்து ஆறு வருடமாகிறது. முதல் இரண்டு வருடம் எனக்குத் தெரிந்த ஹாங்காங் என்பது அலுவலகம், மெட்ரோ ரயில், பருப்பும் புளியும் வாங்கப் போகும் சுங்கிங் மேன்ஷன், அவ்வளவுதான். இந்த ஊரின் நிலத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கட்டடம் கட்டக்கூடாத மலையும் காடும் கடற்கரையும் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் தொப்பையும் வந்துவிட்டது, அது வேறு கதை.

போன டிசம்பரில் தென்காசியிலிருந்து மச்சினன் வந்திருந்தான். குற்றாலத்து மலையைப் பார்த்து வளர்ந்தவனை எங்கே கூட்டிப் போவது? டிஸ்னிலேண்ட் என்றால் முகம் சுளிக்கிறான். சரி என்று மெக்லிஹோஸ் பாதை என்ற நீண்ட மலைநடைப் பாதையின் முதல் இரண்டு பகுதிகளை ஒரே நாளில் நடந்துவிடலாம் என்று முடிவு செய்தோம். நான் முன்பே இரண்டு தடவை துண்டு துண்டாக நடந்த பாதைதான், முழுதாக நடந்தது இதுதான் முதல் முறை. இங்கே வருகிறவர்கள் "ஹைக்கிங் போகலாமா, கைடு வேண்டுமா, எவ்வளவு ஆகும்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் ஒரே தடவையாக எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் அடிப்படை விவரம். மெக்லிஹோஸ் பாதை மொத்தம் 100 கிலோமீட்டர், 10 பகுதி. கிழக்கே சாய் குங் தீபகற்பத்தில் பாக் டாம் சுங் என்ற இடத்தில் தொடங்கி, மேற்கே டுவன் முன் வரை போகிறது. 1979 அக்டோபரில் திறந்தார்கள், அப்போதைய ஆளுநர் மெக்லிஹோஸ் பெயரையே வைத்துவிட்டார்கள். பராமரிப்பு, இங்கத்திய அரசின் வேளாண்மை, மீன்வளம், இயற்கைப் பாதுகாப்புத் துறை. கட்டணம் கிடையாது. முன்பதிவு, அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. பஸ்ஸுக்கு ஆக்டோபஸ் கார்டில் காசு இருந்தால் போதும். முதல் பகுதி 10.6 கிலோமீட்டர், இரண்டாவது 13.5. இரண்டும் சேர்த்து 24.1. மூன்று மணி நேரமும் ஐந்து மணி நேரமும் ஆகும் என்பது அரசுக் கணக்கு. அந்தக் கணக்கைப் போட்டவருக்கு முட்டி நன்றாக இருந்திருக்கும் போலிருக்கிறது.

இந்தப் பாதையில் எனக்கு மிகவும் பிடித்தது கடலும் இல்லை, மலையும் இல்லை, கம்பம். 500 மீட்டருக்கு ஒன்று என்று தொடக்கம் முதல் முடிவு வரை நட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் எம் 001, எம் 002 என்று வரிசை எண்ணும், அதன் கீழே வரைபடக் குறியீட்டு எண்ணும் இருக்கும். முதல் கம்பத்தைப் பார்த்ததும் மச்சினன், "என்ன அத்தான், நடுகல்லா? விழுந்து கும்பிடணுமா?" என்று கிண்டலடித்தான். சாயங்காலம் ஒவ்வொரு கம்பமாகத் தேடிப் பிடித்தவனும் அவன்தான்.

அந்த எண்ணின் பயன் என்னவென்றால், வழியில் யாருக்காவது கால் பிசகிவிட்டது என்று வையுங்கள், 999க்கு அடித்து கடைசியாகப் பார்த்த கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும், மீட்புக் குழுவுக்கு நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும். "ஒரு பெரிய பாறை இருக்குது சார், பக்கத்தில் ஒரு மரம் இருக்குது" என்று விவரிக்க வேண்டாம். அவசரமில்லாத நேரத்திலும் அது வேலை செய்கிறது. கம்பத்தின் எண்ணை இரண்டால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் வந்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். இரண்டு கம்பத்துக்கு நடுவே எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்துக்கொண்டால் எப்போது வீடு போய்ச் சேருவோம் என்ற கணக்கும் வந்துவிடும். செல்போன் வேண்டாம், கைடு வேண்டாம். பாதை பிரிகிற இடங்களில் சீனத்திலும் ஆங்கிலத்திலும் கைகாட்டிப் பலகைகள் தனியாக இருக்கின்றன.

ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இதே பாதையில் வழிகாட்டியோடு கூட்டிப் போகிற சேவைகள் இங்கே இருக்கின்றன. அலுவலக நண்பர் ஒருவர் அப்படிப் போய் வந்தார். வழிகாட்டி என்ன செய்தார் என்று கேட்டேன். "முன்னாடி நடந்தார்" என்றார்.

நம் ஊரில் இப்படித் தனியாக விடமாட்டார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் மாட்டிக்கொண்டதை மறக்க முடியாது. அதன்பின் கெடுபிடி கூடி, 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவோடு திறந்தார்கள், அதில் வழிகாட்டி கூடவே வருவார். யானையும் சிறுத்தையும் இருக்கிற காட்டில் அதுதான் சரி. ஹாங்காங் காட்டில் அதிகபட்சம் காட்டுப்பன்றி, குரங்கு, பாம்பு, அப்புறம் மாடு. மாட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

காலை ஏழரைக்குப் பாக் டாம் சுங்கில் இறங்கினோம். சோய் ஹங் மெட்ரோ நிலையத்திலிருந்து 1ஏ மினிபஸ்ஸில் சாய் குங் டவுன், அங்கிருந்து 94ஆம் எண் பஸ். ஞாயிறு, விடுமுறை நாள் என்றால் டயமண்ட் ஹில்லிலிருந்து நேராக 96ஆர் இருக்கிறது, ஆனால் ஊரே அதில்தான் ஏறும்.

முதல் பகுதியை நான் அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். அழகில்லை என்று சொல்லவில்லை. ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் ஓரமாக வளைந்து வளைந்து போகிற பாதை, வலப்பக்கம் தீவுகளும் கடலும், இடப்பக்கம் கடலைவிட உயரத்தில் நிற்கிற நன்னீர். ஆனால் பெரும்பகுதி தார்ச்சாலை. சொந்தக் கார் உள்ளே வரக்கூடாது என்பது உண்மைதான், டாக்சி வரலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு சிவப்பு டாக்சி பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறது, உள்ளே இருப்பவர்கள் நம்மைப் பாவமாகப் பார்க்கிறார்கள்.

அந்த நீர்த்தேக்கத்தின் கதையை மட்டும் மச்சினனுக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். 1963 வறட்சியில் ஹாங்காங்கில் நான்கு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் நான்கு மணி நேரம்தான் தண்ணீர் விட்டார்கள். குடத்தோடும் தகர டப்பாவோடும் வரிசையில் நிற்கிற படங்களைப் பார்த்தால் நம் சென்னை லாரித் தண்ணீர்க் காலம் ஞாபகம் வரும். அந்த அனுபவத்துக்குப் பிறகு இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், பெருநிலத்துக்கும் ஒரு தீவுக்கும் நடுவே இருந்த கடல் நீரிணையை இரண்டு பக்கமும் அணை போட்டு அடைத்து, உள்ளே இருந்த உப்புத் தண்ணீரை வெளியேற்றிவிட்டு, நன்னீரை நிரப்பினார்கள். 1978இல் வேலை முடிந்தது. 27 கோடி கன மீட்டருக்கும் மேல் பிடிக்கும். "கடலையே ஏரி ஆக்கிட்டாங்களா" என்று அவன் நின்று பார்த்தான், அங்கே மட்டும் அந்தத் தார்ச்சாலையை மன்னித்தேன்.

கிழக்கு அணைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. இங்கே அரை மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். அணைக்குக் கீழே அறுகோணத் தூண்களாகப் பிளந்த பாறைச் சுவர், தேன்கூட்டை நிறுத்தி வைத்தது போல. சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் சாம்பல் மெல்லக் குளிர்ந்து சுருங்கி இப்படிப் பிளந்தது என்று பலகையில் போட்டிருக்கிறார்கள். உலகத்தில் மற்ற இடங்களில் இப்படிப்பட்ட தூண்கள் பெரும்பாலும் கருங்கல் நிறத்து பசால்ட் என்ற எரிமலைப் பாறை, இங்கே சிலிக்கா அதிகமுள்ள பாறை என்பதால் மஞ்சள் சாயம் அடித்தது போல இருக்கிறது. யுனெஸ்கோ புவிப்பூங்காப் பட்டியலில் இருக்கிற இடம். ஒரு இடத்தில் தூண்களெல்லாம் இடுப்பில் வளைந்து நிற்கும், இறுகுவதற்கு முன்பே நிலம் நகர்ந்துவிட்டதாம். அதைத் தொட்டுப் பார்க்கலாம், யாரும் விசிலடிக்க மாட்டார்கள். அலையைத் தடுக்க அடுக்கியிருக்கிற ராட்சத கான்கிரீட் கட்டைகளின்மேல் மட்டும் ஏற வேண்டாம், ஏறிப் படமெடுப்பவர்களைப் பார்க்கிறபோது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. பக்கத்திலேயே அணை கட்டுமானத்தில் உயிரிழந்தவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது.

வார இறுதியில் அணை வரை டாக்சியும் 9ஏ மினிபஸ்ஸும் வருவதால் கூட்டம் திருவிழா மாதிரி இருக்கும். நாங்கள் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. முடிந்தால் வார நாளில் போங்கள். லீவு போட்டாவது.

அணையைத் தாண்டியதும் மண் பாதை, கொஞ்ச தூரத்தில் லாங் கே கடற்கரை. வெள்ளை மணல், மூன்று பக்கமும் மலை, எங்களைத் தவிர இரண்டு கூடாரம். முதல் பகுதி இங்கே முடிகிறது. காலைப் பலகாரம் இங்கேதான், வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும். குளிக்க ஆசைதான், ஆனால் இந்தப் பக்கத்துக் கடற்கரைகளில் உயிர்காப்பாளர் யாரும் இல்லை, நீரோட்டம் இழுக்கும், டிசம்பர் தண்ணீர் வேறு. முட்டி வரை நனைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இரண்டாம் பகுதி தொடங்குகிற இடத்திலேயே ஆளைச் சோதிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து சாய் வான் மலை, 314 மீட்டர். எண்ணைக் கேட்டால் சிரிப்பு வரும், திருப்பரங்குன்றம் அளவுதானே என்று நானும் நினைத்தேன். படி, படி, மேலும் படி, நிழல் என்று ஒன்றும் இல்லை, குட்டைப் புதரும் புல்லும்தான். திரும்பிப் பார்த்தால் கீழே லாங் கே சின்னதாகிக்கொண்டே போகும், அப்பால் நீர்த்தேக்கம், அதற்கும் அப்பால் கடல், மூன்று நீல நிறம் மூன்று தட்டில். மூச்சு வாங்க நிற்பதற்கு நல்ல சாக்கு.

இந்த ஏற்றத்தின் பாதியில்தான் என் ஷூவின் அடிப்பாகம் கழன்றது. குறையை எந்தக் கம்பெனி மேலும் போடப்போவதில்லை, தப்பு என்னுடையது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஷூவை மூன்று வருடம் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தேன். ஹாங்காங் ஈரப்பதத்தில் நடுவில் இருக்கிற பாலியூரித்தேன் நுரை தானாகவே நொறுங்கிவிடும், போட்டாலும் போடாவிட்டாலும். வெளியே பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும், இருபது நிமிடம் ஏறினால் வாயைப் பிளக்கும். மச்சினன் பையிலிருந்த செல்லோ டேப்பும், ஒரு கைக்குட்டையும், அவனுடைய ஜாக்கெட்டின் கயிறும் சேர்த்துக் கட்டினோம். "அத்தான், பொண்ணு பாக்க வந்தப்ப போட்டிருந்த ஷூவா இது?" என்று வேறு கேட்டான். கிளம்புவதற்கு முந்தின நாள் ஷூவை வளைத்து, கட்டை விரலால் அடிப்பாகத்தை அழுத்திப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் சாதாரண ஓட்டப்பந்தய ஷூவே மேல்.

மலையிலிருந்து இறங்கினால் சாய் வான் கிராமம். இங்கே பாதைக் குறியீட்டின் மேல் எனக்கு ஒரே ஒரு புகார். பாதை அங்குள்ள சாப்பாட்டுக் கடைகளின் மேசை நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து போகிறது. காட்டுக்குள் அவ்வளவு தெளிவாக வழி சொன்ன பலகைகள், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் குடைக்கும் மெனு அட்டைக்கும் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. யார் வீட்டுத் திண்ணையிலோ நுழைந்துவிட்டோமோ என்று கூச்சமாக இருந்தது. நேராகக் கடற்கரைப் பக்கம் நடந்து, மறுமுனையில் ஏறும் படியைத் தேடுங்கள், அதுதான் வழி.

அடுத்தது ஹாம் டின். இந்த 24 கிலோமீட்டரில் ஒரே ஒரு இடம்தான் தங்கிப் பார்க்கலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். அகலமான மணற்பரப்பு, ஓடை வந்து கடலில் கலக்கிற இடம், ஓடையைத் தாண்ட வரிசையாகப் பலகை போட்ட ஒரு குறுகிய பாலம், ஒருவர் போனால் எதிரே வருகிறவர் காத்திருக்க வேண்டும். பின்னால் கூர்மையாக ஒரு சிகரம், ஷார்ப் பீக் என்றே பெயர், 468 மீட்டர்.

பாலத்தைத் தாண்டினால் கடை. வறுத்த நூடுல்ஸ், முட்டையும் டப்பா இறைச்சியும் போட்ட சூப் நூடுல்ஸ், எலுமிச்சை டீ, பால் டீ. ருசி சுமார்தான், ஆனால் நான்கு மணி நேரம் நடந்த பிறகு வரும் சூடான நூடுல்ஸை சுமார் என்று சொன்னால் பாவம் சேரும். சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது: இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் மேலே போடுகிற துண்டை எடுத்துவிடுவார்கள், சூப்பில் என்ன இருக்கிறது என்பது வேறு விஷயம். என் மனைவி வரும்போதெல்லாம் தயிர்சாதம்தான். வார நாட்களில் கடை திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், எங்களுக்கு இருந்தது அதிர்ஷ்டம். தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டராவது கிளம்பும்போதே வேண்டும்.

மாடு என்று சொன்னேனே, அது இங்கேதான். முன்பு விவசாயம் நடந்த காலத்தில் ஏர் இழுத்த மாடுகளின் வாரிசுகள், சொந்தக்காரர் இல்லாமல் திரிகின்றன. கடற்கரை மணலில் படுத்து அசைபோட்டுக்கொண்டு, கடலைப் பார்த்தபடி. மச்சினன் பத்துப் பதினைந்து படம் எடுத்தான், ஹாங்காங்கில் எடுத்ததிலேயே அவன் அம்மாவுக்கு அனுப்பிய முதல் படம் அதுதான். பார்க்க சாதுதான், ஆனால் கூடாரத்துக்குள் சாப்பாடு வாசனை வந்தால் தலையை உள்ளே விட்டுவிடும். நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள்.

சாப்பிட்ட தெம்பில் மச்சினனுக்கு ஷார்ப் பீக் ஏற ஆசை வந்துவிட்டது. அது மெக்லிஹோஸ் பாதையில் சேராது, பராமரிப்பும் கிடையாது, ஆபத்து என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். சரி, கொஞ்ச தூரம் பார்க்கலாம் என்று போனோம். காலுக்குக் கீழே சரளை உருள்கிறது, வழி நான்காகப் பிரிந்து நான்கும் வழி மாதிரியே தெரிகிறது, எண் போட்ட கம்பம் இல்லை. கட்டுப் போட்ட ஷூ வேறு. இருபது நிமிடத்தில், "வேணாம் அத்தான், நம்ம கம்பத்துக்கே போயிருவோம்" என்று அவனே சொல்லிவிட்டான். "சரி மாப்ள" என்று நானும் உடனே திரும்பினேன், அவன் மனசு மாறுவதற்குள்.

அதில் போன நேரம் கடைசியில் கடித்தது. டிசம்பரில் இங்கே ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். டாய் லாங் கிராமத்தைக் கடந்து, கணவாய் ஏறி, செக் கெங் இறங்கும்போதே வெயில் மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. செக் கெங் ஒரு உள்வாங்கிய குடாவின் கரை, நெல் விளைந்த கிராமம், ஊர் மக்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போய்விட, பூட்டிய வீடுகளில் கூரை வழியாக மரம் வளர்ந்திருக்கிறது. சாவகாசமாகப் பார்க்க வேண்டிய இடம், நாங்கள் கம்பத்தை எண்ணிக்கொண்டு ஓடினோம். எம் 043, எட்டு நிமிடம். எம் 044, பத்து நிமிடம், ஏற்றம். செல்போனில் சிக்னலும் சரியில்லை, இந்தப் பக்கம் சில இடங்களில் கடலுக்கு அந்தப் பக்கத்துச் சீன நெட்வொர்க்கைப் பிடித்து ரோமிங் குறுஞ்செய்தி அனுப்பும். எம் 048 வந்ததும் சாலை விளக்கு தெரிந்தது. பாக் டாம் ஆவ், 94ஆம் எண் பஸ் நிறுத்தம், எதிரே கழிப்பறை. மணி ஐந்தே முக்கால். தலையில் மாட்டுகிற விளக்கு ஒன்று பையில் இருந்திருக்க வேண்டும், இல்லை. அடுத்த தடவை இருக்கும்.

இன்னும் சில குறைகள். செங்குத்தான இடங்களில் மண் அரிக்காமல் இருக்க கான்கிரீட் படி போட்டுவிட்டார்கள், இறங்கும்போது முட்டி கெஞ்சும், இங்கத்திய நடைப்பிரியர்களே இதை எதிர்த்துக் குரல் கொடுத்திருக்கிறார்கள். 2017 கடைசியில் பாதைகளிலிருந்து குப்பைத்தொட்டிகளை எடுத்துவிட்டார்கள், உங்கள் குப்பையை நீங்களே வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஆச்சரியம் என்னவென்றால் அதற்குப் பிறகும் பாதை சுத்தமாகத்தான் இருக்கிறது. ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பெரியவர்களைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கமே வராதீர்கள், வெயிலும் புழுக்கமும் ஆளைச் சாய்த்துவிடும், புயல் எச்சரிக்கை வேறு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை சரியான காலம். மூன்றாம், நான்காம் பகுதிகள் அரசு மதிப்பீட்டிலேயே மூன்று நட்சத்திரம், அதாவது கஷ்டத்துக்கு மூன்று. பெரும்பாலும் இந்தப் பாதை வழியாகவே 100 கிலோமீட்டரை நான்கு பேர் குழுவாக 48 மணி நேரத்தில் நடக்கும் ட்ரெயில்வாக்கர் என்ற போட்டி இங்கே பிரபலம், 1981இல் கூர்க்கா வீரர்களின் பயிற்சியாகத் தொடங்கியதாம். அவர்கள் முட்டி வேறு தயாரிப்பு.

ஒரே நாளில் இரண்டு பகுதியும் வேண்டாம் என்பவர்கள் அணை வரை டாக்சியில் போய் அங்கிருந்து நடங்கள், 24இல் ஏறக்குறைய பத்துக் கிலோமீட்டர் கழிந்துவிடும், நல்லதெல்லாம் மிச்சமிருக்கும். சாய் வானோடு நிறுத்திக்கொள்ள நினைத்தால், கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் அங்கிருந்து சாய் குங்குக்கு வேகப்படகு உண்டு. அல்லது மேலே சாய் வான் பெவிலியன் வரை ஏறினால் 29ஆர் மினிபஸ் வரும், நாளைக்குச் சில தடவைதான் வரும், நேரம் பார்த்துவிட்டு ஏறுங்கள். வயதான அம்மா அப்பா வந்திருந்தால் அணையும் பாறைத் தூண்களும் மட்டும் போதும். போகும்போதே டாக்சிக்காரரிடம் திரும்ப வரும் நேரத்தைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், வார நாளில் அங்கே திரும்ப வண்டி கிடைக்காது.